உங்களுக்குத் தெரியுமா? தங்கமீனும் ஒரு கெண்டைதான்

விழுப்புரம் மீன் அங்காடியில் பலகைமேல் கிடக்கும் கட்லாவும், கடைத்தெருவில் கண்ணாடித் தொட்டிக்குள் வாலை விசிறித் திரியும் தங்கமீனும் ஒரே குடும்பம். ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை எல்லாம் சேர்ந்த கெண்டைக் குடும்பம் அது. 'கோய்' என்று விற்கும் வண்ண மீனோ இன்னும் நெருக்கம்: நம் ஏரிகளில் குஞ்சு விட்டு வளர்க்கும் சாதாக் கெண்டையின் நிறம் மாறிய வாரிசு. வீட்டுக்குள் வந்திருப்பது ஏரி மீன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் செய்திகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

●

குஞ்சாக இருக்கையில் கோயையும் தங்கமீனையும் பிரித்தறிய வாயோரம் பாருங்கள். கோய்க்கு இரண்டு ஜோடி மீசை உண்டு. தங்கமீனுக்கு மீசையே கிடையாது.

●

கோய், தங்கமீன் இரண்டுக்குமே இரைப்பை இல்லை. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. நிறையத் தின்று சேமித்து வைக்க உள்ளே இடம் கிடையாது. அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதுதான் இவற்றின் பிறவிக் குணம். தொட்டி அருகே யார் போய் நின்றாலும் ஓடி வந்து வாயைத் திறக்கும். பார்க்கிறவர்கள் "பாவம், பசி" என்று ஒரு சிட்டிகை போடுவார்கள். அடுத்து வருகிறவரும் போடுவார். இப்படி அன்பால் சாகும் மீன்கள்தான் அதிகம். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, காலையும் மாலையும் என இரண்டு வேளை. அதற்கு மேல் போட்டால் அது நீரில் அழுகத்தான் செய்யும்.

பல் எங்கே என்று கேட்கலாம். தொண்டைக்குள் இருக்கிறது. கெண்டைகள் வாயால் உறிஞ்சி, தொண்டைப் பற்களால் அரைக்கின்றன. தேய்ந்த பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். கோய்த் தொட்டியைக் கழுவும்போது அடியில் விழுந்த பற்கள் கிடைப்பதுண்டு.

●

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதை இத்தாலியின் மோன்ஸா நகரம் 2004-லும் ரோம் நகரம் 2005-லும் தடை செய்தன. நம் ஊரில் பிறந்தநாள் பரிசாகவும் கொலுவில் அழகுக்காகவும் அதே கிண்ணம் இன்னும் விற்பனையாகிறது. அதில் பிடிப்பது மூன்று நான்கு லிட்டர் நீர். வாய் குறுகலாக இருப்பதால் காற்றுப்படும் பரப்பும் குறைவு. சாதா வால் தங்கமீன் நன்றாக வளர்ந்தால் ஓர் அடியைத் தொடும். ஒரண்டா, ரியூகின் போன்ற குண்டு வகைகளும் அரை அடிக்குக் குறையாது. கோய் இரண்டடி தாண்டும்.

கணக்கு எளிது. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டியில் விளிம்புவரை நிரப்பினால் சுமார் 57 லிட்டர். ஒரு தங்கமீனைக் கடைசிவரை வைத்திருக்க அதுவும் போதாது. 3 அடிக்கு ஒன்றரை அடி, உயரமும் ஒன்றரை அடி என்றால் சுமார் 190 லிட்டர் வரும். இரண்டு குண்டுத் தங்கமீன்களுக்கு அது நியாயமான வீடு. நீர் மட்டுமே 190 கிலோ எடை இருக்கும் என்பதால் தாங்கும் மேசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாம் என்று சொல்கிறவர் விற்கத்தான் சொல்கிறார். அதற்கு மூன்றடிக்குக் குறையாத ஆழமும் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரும் கொண்ட தரைத்தொட்டி வேண்டும்.

●

"தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்பது பல கடைகளில் கேட்கிற பேச்சு. இது உண்மையல்ல. சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து, நீர் கெட்டு, வளர்ச்சி முடங்கிப்போகிறது. வளராத மீன் நலமான மீன் அல்ல. சத்தமின்றி நோயுற்ற மீன்.

●

இங்கிலாந்தில் 1956-இல் ஒரு சிறுவன் திருவிழாக் கடையில் பரிசாகப் பெற்ற 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை, அதாவது 43 ஆண்டு வாழ்ந்தது. கின்னஸ் ஏட்டில் அதன் பெயர் இருக்கிறது. நம் வீடுகளில் நான்கு மாதம் தாண்டினாலே பெரிய சாதனையாகப் பேசுகிறோம். மீனின் ஆயுள் குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்பதால், செத்தபின் ஏன் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

●

நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். மீன் மட்டும் மேலே வந்து வாயைப் பிளக்கும், ஓரத்தில் ஒதுங்கும், இரண்டாம் வாரத்தில் சாகும். புதுத் தொட்டி வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இது. காரணம் அம்மோனியா.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். வேறு நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றினால்தான் மீனுக்குப் பெரிய ஆபத்து இல்லை. இந்த நுண்ணுயிரிகள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே ஆறு மீனைப் போட்டால், கழிவு அன்றே தொடங்கிவிடும். அதை மாற்றும் கூட்டம் அடுத்த மாதம்தான் வரும்.

இன்னொரு செய்தியும் உண்டு. அம்மோனியா எல்லா நீரிலும் ஒரே அளவு கொல்வதில்லை. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஏழெட்டுப் பங்கு, 9 ஆனால் ஏறத்தாழப் பாதி. காரத்தன்மை கூடிய போர் நீரும் கோடை வெப்பமும் சேர்ந்த ஊர்களில், புத்தகத்தில் படித்த அளவுக்குமேல் கவனம் வேண்டும்.

●

ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுவது நல்ல பழக்கம் அல்ல. அந்தப் பழுப்பு நிற வழுவழுப்பில்தான் மேலே சொன்ன நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து அலசிவிட்டு மாட்டினால் போதும். அதேபோல மொத்த நீரையும் ஒரேயடியாக மாற்றவும் கூடாது. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு மாற்றுங்கள். எடுத்த நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ விடலாம். அதில் இருக்கும் நைட்ரேட் செடிக்கு உரம்.

●

திண்டிவனம் பக்கம் கொல்லைப்புறத்தில் மீன் வளர்க்க எளிதாகக் கிடைப்பவை சிமெண்ட் உறையும் சிமெண்ட் தொட்டியும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் பி.எச். எகிறிவிடும். இதற்குப் பண்ணைக்காரர்கள் கையாளும் முறை பழையது: நீர் நிரப்பி வாழைத்தண்டுத் துண்டுகளையோ சாணத்தையோ போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஊற விட்டு, இறைத்துக் கொட்டி, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புவார்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தபின் விலை குறைந்த மீன் ஒன்றிரண்டை விட்டுப் பார்ப்பது வழக்கம். பி.எச். அளக்கும் தாள் சில ரூபாய்க்குக் கிடைக்கும்போது அந்த மீன்களைப் பலியிடத் தேவையில்லை.

●

போர் நீரைக் குழாயிலிருந்து நேரே தொட்டிக்கு விடக் கூடாது. ஆழத்திலிருந்து வருவதால் அதில் ஆக்சிஜன் மிகக் குறைவு; கரியமில வாயுவும் சில இடங்களில் இரும்பும் மிகுதி. ஒரு நாள் திறந்த தொட்டியில் காற்று ஓட்டி வைத்தால் சரியாகும். நகராட்சி நீரில் பிளீச்சிங் பவுடரின் குளோரின் இருக்கும், செவுளை அரித்துவிடும். வெயிலில் ஒரு நாள் திறந்து வைத்தாலும் அது போய்விடும். அவசரமென்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சில சொட்டு.

●

கத்திரி வெயிலில் தொட்டி நீரில் என்ன நடக்கிறது? 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் அது சுமார் 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே நேரம் வெப்பத்தால் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிற காலம் அது. தங்கமீன் குளிர்நாட்டு மீன். 18 முதல் 24 டிகிரிதான் அதற்கு இதம். மே மாதத்து விழுப்புரத்தில் 40 டிகிரி தொடும் வெயிலில் மொட்டை மாடித் தொட்டி கொதிநீர்தான். நிழல்வலை கட்டுங்கள், ஆழத்தைக் கூட்டுங்கள், ஏர் பம்பை இரவிலும் ஓடவிடுங்கள். பச்சை பிடித்த தொட்டியில் ஆபத்து நேரம் பகல் அல்ல, விடியற்காலை. இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனைத் தின்றிருக்கும்.

●

ஆக்சிஜனே இல்லாத நீரிலும் தங்கமீன் சில காலம் உயிர் தாங்கும். அதன் தசைகள் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக, அதாவது எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகின்றன. ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் மூலக்கூறு ரகசியத்தை 2017-இல் வெளியிட்டார்கள். பனி மூடிய குளத்தடியில் பிழைக்கக் கிடைத்த வரம் அது. நம் ஊர் வெப்பத்தில் உடல் எரிபொருளை வேகமாகக் கரைத்துவிடுவதால் இந்த வரத்தை நம்பிப் பம்பை நிறுத்த முடியாது.

●

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோங் அரசமரபுக் காலத்துச் சீனாவில், சாம்பல் நிறக் கெண்டைகளுக்கு நடுவே பிறந்த பொன்னிறக் குஞ்சுகளைத் தனியே பிரித்து வளர்த்துப் பெருக்கியதில் உருவானது தங்கமீன். 1502 வாக்கில் ஜப்பான் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பா. டார்வின்கூட வளர்ப்பு உயிர்கள் எப்படி மாறுகின்றன என்று 1868-இல் எழுதிய நூலில் தங்கமீனைச் சேர்த்திருக்கிறார்.

●

இரட்டை வால் தங்கமீன் அழகுதான். ஆனால் அந்த வால் 'கார்டின்' என்ற ஒரே மரபணுவில் நேர்ந்த பிசகு என்று ஜப்பானிய, தைவான் ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். உடல் குறுகி உருண்டையான ரியூகின், ஒரண்டா போன்றவற்றில் உள்ளுறுப்புகள் நெருக்கப்பட்டு, காற்றுப்பை அடிக்கடி கெடுகிறது. தலைகீழாக மிதக்கும் ஒரண்டாவைப் பார்த்திருப்பீர்கள். மிதக்கும் தீனியை விழுங்கும்போது காற்றையும் விழுங்குவது இதற்கு ஒரு காரணம். தீனியை நீரில் ஊறவைத்து அமிழும்படி போடுவது நல்லது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது: காமெட், ஷுபுன்கின் போன்ற நீள உடல் வகைகளை வாங்குங்கள். அவை ஏரிக் கெண்டையின் உடலை இன்னும் இழக்காதவை.

●

கோயின் தாயகம் ஜப்பானின் நீகாத்தா மலைக் கிராமங்கள். பனி மிகுந்த அப்பகுதியில் நெல் விவசாயிகள் உணவுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். 1820-களில் சிலவற்றில் சிவப்பு, வெள்ளைத் திட்டுகள் தெரியவே அவற்றைத் தின்னாமல் பெருக்கினார்கள். 1914-இல் டோக்கியோ பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பின்தான் வெளியுலகம் அறிந்தது. 2018-இல் ஹிரோஷிமாவின் சகாய் மீன் பண்ணையில் வளர்ந்த ஒரே ஒரு செவ்வெள்ளைக் கோய் 20.3 கோடி யென்னுக்கு ஏலம் போனது. நெல் வயலோரத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வளர்த்த மீன்!

●

கோயின் முன்னோரான சாதாக் கெண்டை இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் தமிழ்நாடு. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஜெர்மானியக் கண்ணாடிக் கெண்டை கொண்டுவரப்பட்டது. 1957-இல் பாங்காக்கிலிருந்து இன்னொரு ரகம் ஒடிசாவின் கட்டாக்குக்கு வந்தது. சமவெளி ஏரிகளில் பரவியது இந்தப் பாங்காக் ரகமே.

●

சென்னை மெரினாவில் 1909-இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகம்தான் இந்தியாவின் முதல் பொது மீன் காட்சியகம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது.

●

இனி, கொல்லைப்புறத் தொழிலாக இதைச் செய்ய நினைப்பவர்களுக்கான முக்கியச் செய்தி. கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் முட்டையிடாது. ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால்தான் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சாற்றை ஊசி போட்டு இவை போன்ற கெண்டைகளை முட்டையிட வைத்தது அவ்வளவு பெரிய திருப்பம். அந்த நாள் இன்றும் மீன் வளர்ப்போர் தினம். ஆனால் கோய்க்கும் தங்கமீனுக்கும் ஊசியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். தேங்கிய நீரில், நான்கடித் தொட்டியில், தாமாகவே முட்டையிடும். திண்டிவனத்தில் ஒரு வீட்டுப் பெண்மணி சமையல் வேலைக்கு நடுவே இதைச் செய்ய முடியும்.

ஆண் எது, பெண் எது என்பது பருவத்தில் தெரியும். ஆணின் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் ரவைபோல வெண்புள்ளிகள் தோன்றும், தடவினால் சொரசொரக்கும். பெண்ணின் வயிறு உப்பி மெத்தென்று இருக்கும். இரண்டையும் சில நாள் பிரித்து வைத்து நல்ல தீனி கொடுத்துவிட்டு, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் மாலையில் முட்டைத் தொட்டியில் விடுவார்கள். தொட்டியில் ஆகாயத்தாமரை மிதக்கும். அதன் வேரைப் பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த நீரில் முதலிலேயே அலசிவிட வேண்டும், இல்லையேல் பூச்சிகளும் நத்தைகளும் கூடவே வரும். விடியற்காலையில் ஆண்கள் பெண்ணைத் துரத்தும். வேரெல்லாம் கடுகளவு முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். முட்டை பிசுபிசுப்பானது, ஒட்டியதை நீர் அசைத்தாலும் விழாது. தொழில் தெரிந்தவர் அந்தக் காலையிலேயே தாய் மீன்களை எடுத்துவிடுவார். தாமதித்தால் பெற்றவையே முட்டையைத் தின்றுவிடும்.

நம் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரியும். அடுத்த இரண்டு நாள் வயிற்றோடு ஒட்டிய கருவுணவே போதும். தொட்டிச் சுவரிலும் வேரிலும் ஊசிமுனை போலத் தொங்கிக்கொண்டிருக்கும். நீந்தத் தொடங்கியதும்தான் சோதனை. வாயோ நுண்ணியது, உணவோ உயிருள்ளதாக வேண்டும். சாணமோ கோழி எருவோ ஊறப்போட்ட தனித் தொட்டியில் மொய்னா என்ற நீர்ப்பூச்சியை ஒரு வாரம் முன்பே வளர்த்து வைத்திருப்பவர் குஞ்சுகளைக் காப்பாற்றுவார். அவசரத்துக்கு அவித்த கோழி முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக விடலாம். ஆனால் மிஞ்சினால் நீர் கெடும். முட்டை விடுவது எளிது, குஞ்சைக் கரையேற்றுவதுதான் தொழில்.

கெண்டைக்கு நம் நாட்டில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஜூலை-ஆகஸ்டிலும் சினைப் பருவம் உச்சத்தில் இருக்கும். கோய்ப் பெண்மீன் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு லட்சம் முட்டைக்குமேல் இடும் என்பதால், முட்டைக்குப் பஞ்சமே இல்லை.

●

பொரித்த தங்கமீன் குஞ்சு தங்கமாக இராது. சாம்பலும் பழுப்புமாக, ஏரிக் குஞ்சு மாதிரியே இருக்கும். வாரங்கள் கடந்தபின்தான் கறுப்பு நிறமிகள் அழிந்து பொன்னிறம் எழும். சிலவற்றில் கடைசிவரை எழாது. கோய் மீன்களிலும் விலையுயர்ந்த தாய் தந்தைக்குப் பிறந்தவை எல்லாம் அழகாக இருப்பதில்லை, பெரும்பாலானவை கழிக்கப்படும். பொறுக்கி எடுக்கும் கண்தான் இந்தத் தொழிலின் மூலதனம்.

●

சிவப்பையும் ஆரஞ்சையும் மீன் தானாக உண்டாக்க முடியாது. தீனியில் வரும் கரோட்டினாய்டுகளிலிருந்தே பெறுகிறது. ஸ்பைருலினா, கேரட், சாமந்தி வகையைச் சேர்ந்த துலுக்கச் செண்டின் இதழ் ஆகியவற்றைத் தீனியில் சேர்ப்பது இதற்காகத்தான். வெளிச்சமே படாத தொட்டியில் மீன் வெளிறிப்போகும்.

●

திண்டிவனம் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் தந்த நிலக்கடலை ரகங்களின் பெயரில் வரும் 'டி.எம்.வி.' திண்டிவனத்தைக் குறிக்கும். இந்த மண்ணின் மல்லாட்டையிலிருந்து எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கும், அரிசி ஆலைத் தவிடும் சம அளவு கலந்தால் அதுவே கெண்டைக்கு நெடுங்காலத் தீனி. வளர்ந்த மீனுக்கு இதோடு கொஞ்சம் மீன்தூள் சேர்த்தால் போதும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த புண்ணாக்கைப் போடவே கூடாது. அதில் உருவாகும் அஃப்லாடாக்சின் மீனின் ஈரலை அழித்துவிடும்.

கோயில் குளத்து மீனுக்குப் போடுவதுபோல வீட்டுத் தொட்டியில் பொரி போடுவதும் வேண்டாம். வயிறு நிறையும், சத்து சேராது.

●

மரக்காணம் உப்பளத்துக் கல் உப்பு, தொட்டி மீனுக்கு முதலுதவி. லிட்டருக்கு 3 கிராம் அளவில் கரைத்துவிட்டால் சோர்ந்த மீனின் உடலுப்புச் சமநிலைக்குத் துணை செய்யும். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் நஞ்சு செவுள் வழியே புகுவதையும் தடுக்கும். வெண்புள்ளி நோயின் தொடக்கத்திலும் இது உதவும். செடி இருக்கும் தொட்டியில் போடாதீர்கள், அயோடின் சேர்த்த தூள் உப்பை விடக் கல் உப்பே மேல். செதிலில் நூல்போல ஒட்டித் தொங்கும் நங்கூரப் புழுவும், தட்டையாகப் பரவிய மீன் பேனும் இதற்குக் கட்டுப்படாது.

●

பாலித்தீன் பையில் மீன் எப்படிப் பயணம் செய்கிறது? ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். கிளம்புமுன் ஒரு நாள் பட்டினி போட்டிருப்பார்கள், பையில் கழிவு குறையட்டும் என்று. வண்ண மீன் வணிகத்தின் தலைநகரான சென்னைக் கொளத்தூரிலிருந்து திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வரும் மீன்கள் இப்படித்தான் நெடுஞ்சாலையில் வருகின்றன.

வீட்டுக்கு வந்ததும் பலர் உடனே பையைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புது நீர் ஊற்றி, மணிக்கணக்கில் பழக்குகிறார்கள். நல்ல எண்ணம், ஆனால் ஆபத்து. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். தாழ்ந்திருக்கும், அதனால் அம்மோனியா தீங்கற்ற வடிவில் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறிப் பி.எச். ஏறும், அடங்கியிருந்தது நஞ்சாக மாறும். எனவே மூடிய பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். திறந்தபின் தாமதிக்காமல் மீனை மட்டும் கைவலையில் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

●

தங்கமீனின் நினைவு மூன்று விநாடி என்பது கட்டுக்கதை. பயிற்சி பெற்றதை மாதக்கணக்கில் நினைவு வைக்கும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆவா சேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோய்களுக்கு ப்ளூஸ் இசையையும் மேற்கத்திய செவ்வியல் இசையையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார். அதற்குமுன் கேட்டிராத பாடல்களையும் அவை சரியாக வகைப்படுத்தின. 2022-இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் சக்கரம் பூட்டிய தொட்டியைத் தங்கமீன்களே இலக்கு நோக்கி ஓட்டப் பழகின.

●

சங்ககால ஓய்மா நாடு இந்தத் திண்டிவனம், மரக்காணம் பகுதிதான். குறுநில மன்னன் நல்லியக்கோடன் ஆண்ட 'கிடங்கில்' என்ற ஊரே இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை பாணனுக்கு வழி சொல்லும்போது, கடற்கரை எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்கிறது. மரக்காணமே அந்த எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ஏரியும் அகழியும் நிறைந்த இந்த ஊர்களுக்கு நன்னீர் மீன் புதிதல்ல. கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதுதான் புதிது.

●

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீனுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. கொல்லைப்புற வளர்ப்பு அலகுக்கு மதிப்பீடு 3 லட்சம் ரூபாய், நடுத்தர அலகுக்கு 8 லட்சம், இனப்பெருக்கமும் சேர்ந்த ஒருங்கிணைந்த நன்னீர் அலகுக்கு 25 லட்சம். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். ஒரு பெண் கொல்லைப்புற அலகு அமைத்தால் 1.8 லட்சம் வரை மானியமாக வரும். திட்டம் இப்போதும் நடக்கிறதா என்பதையும் மற்ற விவரத்தையும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்கலாம். பயிற்சிக்கு, சென்னை மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வண்ண மீன் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. பணம் போடும்முன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஆண்டு முழுக்க நல்ல நீர் இருக்கிறதா என்று தம் கிணற்றையும் பார்க்க வேண்டும்.

●

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு மழையில் தரைமட்டத் தொட்டிகள் நிரம்பி வழியும், மீன்கள் வாய்க்காலில் இறங்கும், வாய்க்கால் ஏரிக்குப் போகும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே வீடூர் அணை இருக்கிறது, கிழக்கே கழுவெலிச் சதுப்புநிலம். கோயும் தங்கமீனும் அந்த நீரில் சாகாது. கெண்டையாயிற்றே, பெருகும், அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்கும். அமெரிக்காவின் பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம் 2021-இல் தன் ஏரியில் பிடிபட்ட கால்பந்து அளவுத் தங்கமீன்களின் படத்தை வெளியிட்டு, "மீனை ஏரியில் விடாதீர்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

இதைவிடக் கெட்டது 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் தென்னமெரிக்கக் கெளுத்தி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குகிறோம். வளர்ந்தபின் அது தங்கமீனின் உடல் வழவழப்பை உறிஞ்சிப் புண்ணாக்கும். ஓர் அடி தாண்டியதும் சகிக்காமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறோம். தமிழ்நாட்டின் பல ஏரிகளில் இன்று அது பெருகிக் கிடக்கிறது. முள்ளால் வலையைக் கிழிக்கிறது, முட்டையிடக் கரையைத் துளைக்கிறது, விற்கவும் முடிவதில்லை.

தொட்டியின்மேல் கண்ணி சிறிய வலை கட்டுங்கள். வழிந்தோடும் குழாய் வாயிலும் வலை வேண்டும், அக்டோபருக்கு முன்பே. வளர்க்க முடியாமல் போன மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பலர் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். அதுவும் முடியாவிட்டால், பெரிய தொட்டி வைத்திருக்கும் பள்ளிக்கோ பண்ணைக்கோ கொடுங்கள்.